டிஸ்டார்ஷன் பெடலும் எட்டு மணி ஆராதனையும்

கேள்வி, ஜூன் 4
எங்கள் சபை கோத்தகிரிக்குக் கீழே. வாலிபர்கள் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு எங்களுக்கு. ராக் பாணியில் வாசித்தால் கமிட்டியில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ராக் சாத்தானின் இசை, வேண்டுமானால் அந்தக் கரகர பெட்டியை எடுத்துவிட்டு வாசியுங்கள்" என்கிறார்கள். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலைத்தான் சொல்கிறார்கள். நிஜமாகவே ராக்கில் ஆண்டவரைப் பாடக்கூடாதா? வாசித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு
பாடலாம் தம்பி. நான் குன்னூர்ப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பல வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். இடி விழவில்லை.

ஆனால் உங்கள் பெரியவர்களை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் "சாத்தான்" என்று சொல்வதில் பாதி, சத்தம். மலையில் இருக்கும் பழைய கோயில்களை யோசித்துப் பாருங்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் 1831-ல் திறந்தது. அதன் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. அந்தக் காலத்துக் கட்டடங்களெல்லாம் ஆர்கனுக்கும் மனிதக் குரலுக்கும் என்று கட்டியவை. கெட்டிச் சுவர், உயரக் கூரை, வெறும் மரப் பெஞ்சு. உள்ளே போன சத்தம் வெளியே போக மனசில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேல்நாட்டு மெட்டில் வரும் மெதுவான ஞானப்பாட்டுக்கு அது வரம், ஒரு வரியின் கடைசி எழுத்து அடுத்த வரியைத் தாங்கிப் பிடிக்கும். அதே இடத்தில் ஸ்னேர் ட்ரம்மை முழு பலத்தோடு அடித்தால், முதல் அடி அடங்குமுன் மூன்றாவது அடி வந்துவிடும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தாளமும் கேட்காது, வார்த்தையும் கேட்காது, ஒரு குழப்பம்தான் கேட்கும். அதை அவர் சாத்தான் என்று சொன்னால் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனவே பெடலை விடுங்கள், ட்ரம்மைக் கவனியுங்கள். குச்சிக்குப் பதிலாக மெல்லிய குச்சிகளைக் கட்டிச் செய்த ராட்ஸ் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கையால் தட்டும் மரப்பெட்டி, கஹோன் என்பார்கள், அது இருந்தால் இன்னும் நல்லது. கிட்டார் ஆம்பை, அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியை, தரையில் வைத்து முன்வரிசையின் முழங்காலுக்கு வாசிக்காமல், ஒரு நாற்காலியில் ஏற்றி உங்கள் காதைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். நீங்களாகவே சத்தத்தைக் குறைப்பீர்கள்.

ஜூன் 5
பெடலைப் பற்றி மட்டும் ஒன்று. டிஸ்டார்ஷன் போட்டதும் முழு கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து, வாசிக்காதீர்கள். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசிப் புதுச் சத்தங்கள் கிளம்பும். அதில் மூன்றாவது ஸ்வரம் இருந்தால்தான் அதிகக் கரகரப்பு. ராக்காரர்கள் பவர் கார்டு வாசிப்பது சோம்பேறித்தனத்தால் இல்லை: ஷட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) மட்டும் இருந்தால் அந்த உரசலில் பிறப்பதும் ஸ்ருதிக்குள்ளேயே விழுகிறது. கெய்னை, அதாவது கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகை, பாதிக்குக் கீழே இறக்கிப் பாருங்கள், கமிட்டிக்கு அது டிஸ்டார்ஷன் என்றே தெரியாது. "பெடலை எடுத்துவிட்டேன்" என்று பொய் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஜூன் 7
"மார்ட்டின் லூத்தரே சாராயக்கடைப் பாட்டுகளின் மெட்டைத்தான் எடுத்தார், நாம் எடுத்தால் என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை எல்லா வாலிபர் கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்வார், கமிட்டியில் படித்தவர் ஒருவர் இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். லூத்தர் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஊரில் பாடிய விடுகதைப் பாட்டின் மெட்டை வைத்தது உண்மை, 1535-ல் அச்சானது. 1539-ல் அந்த மெட்டை எடுத்துவிட்டு வேறு மெட்டு வந்துவிட்டது. சாராயக்கடைக்கு ஆதாரம் இல்லை. "நல்ல மெட்டெல்லாம் பிசாசுக்கு எதற்கு" என்று அவர் சொன்னதாகச் சுற்றும் வசனத்தையும் அவர் எழுத்தில் யாரும் காட்டியதில்லை.

இதைவிட நல்ல உதாரணம் உங்கள் பாமாலைப் புத்தகத்திலேயே இருக்கிறது. பெரிய வெள்ளியன்று அழுதுகொண்டே பாடுகிறோமே, "இரத்தம் காயம் குத்தும்". அந்த மெட்டு 1601-ல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் வெளியிட்ட காதல் பாட்டு. ஒரு பெண்ணை நினைத்து மனம் கலங்குகிறது என்று தொடங்கும். காதல் மெட்டு சிலுவையடிக்கு வந்து சேர்ந்து நானூறு வருடம் ஆகப்போகிறது, யாருக்கும் உறுத்தவில்லை. கமிட்டியில் இதைச் சொல்லுங்கள், ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் சொல்லாதீர்கள்.

ஜூன் 7, கொஞ்சம் கழித்து
காலத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹாஸ்லரின் மெட்டு அப்படியே வரவில்லை. துள்ளலான தாளத்தோடு இருந்ததை நிதானமாக்கி, எல்லோரும் சேர்ந்து பாட வசதியாக்கிய பிறகுதான் ஒட்டிக்கொண்டது. சபை கொஞ்சம் மாறும், மெட்டும் கொஞ்சம் மாறும்.

ஜூன் 9
யாரோ ஒரு பழைய ஃபார்வர்டை இங்கே போட்டிருக்கிறார். ராக் பாட்டுகளைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டால் சாத்தானின் செய்தி கேட்கும், "பிசாசின் ஸ்வர இடைவெளி" என்று ஒன்றை இடைக்காலத் திருச்சபை தடை செய்தது, அதை வைத்துத்தான் ஹெவி மெட்டல் பிறந்தது, இத்யாதி.

திருப்பிப் போடும் கதை 80-களில் அமெரிக்காவில் பெரிதாகக் கிளம்பியது. ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஹெவி மெட்டல் குழுவின் மேல் நெவாடாவில் வழக்கே நடந்து 1990-ல் குழுவுக்குச் சாதகமாக முடிந்தது. நம் ஊர் நற்செய்திக் கன்வென்ஷன் மேடைகளுக்கு அந்தக் கதை மட்டும் வந்தது, தீர்ப்பு வரவில்லை.

ஸ்வர இடைவெளிக்கு வருகிறேன். பழைய இசை ஆசிரியர்கள் அதைப் பாடக் கடினம், தவிர்க்கவேண்டும் என்றார்கள். பிசாசு என்ற பட்டப்பெயரும் பிறகு வந்தது. ஆனால் திருச்சபை சட்டம் போட்டுத் தடுத்தது, வாசித்தவனைச் சபையை விட்டு நீக்கியது என்பதற்கெல்லாம் சான்று கிடையாது. அந்த இடைவெளி என்ன தெரியுமா? ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமம், அதாவது இரண்டு 'ம'வில் மேலே இருப்பது. கல்யாணி ராகத்தில் வருவது. எழுபத்திரண்டு மேளகர்த்தா (தாய்) ராகங்களில் பாதி, முப்பத்தாறு ராகம் அதில்தான் நிற்கிறது. பிசாசு அங்கே இருக்கிறதென்றால் கல்யாணியில் கீர்த்தனை பாடும் சபையெல்லாம் காலி.

ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத், பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் தண்ணீர் தெளிப்பார்கள், 1971-ல் கடவுளை நம்பு என்கிற சாரத்தில் ஒரு பாட்டு போட்டது. எழுதிய பாஸ் கிட்டார்காரர் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர். இதைக் கமிட்டியில் சொல்ல வேண்டாம், பலன் இருக்காது.

ஜூன் 10
கத்தோலிக்க நண்பர் ஒருவருக்கு: வத்திக்கான் கிட்டாரைத் தடை செய்யவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டில் குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பு கொடுத்திருக்கிறார்கள், மற்ற கருவிகளை வழிபாட்டுக்கு ஏற்றதாக இருந்தால் அந்தந்தப் பகுதி அதிகாரத்தின் அனுமதியோடு சேர்க்கலாம் என்றிருக்கிறார்கள். ஆக உங்கள் பங்குச்சாமியைப் பார்த்துப் பேசுங்கள், ரோமாபுரிக்கு எழுத வேண்டாம்.

ஆர்கன் மட்டும் ஆதாமிலிருந்தே கோயில் கருவியா என்ன? ரோமர்கள் அதை வட்டரங்கில், வாள்சண்டை நடக்கும்போது வாசித்தார்கள், மொசைக் படங்களில் இருக்கிறது. ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நம் கீர்த்தனைக்கு அது இல்லாமல் முடியாது என்கிறோம், ஆல் இந்தியா ரேடியோ அதை இந்திய இசைக்கே ஆகாது என்று 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது.

ஜூன் 13
மழை. கூடலூர்ப் பக்கம் கொட்டுகிறது, இங்கே குன்னூரில் மூட்டமும் சாரலும்தான், எங்களுக்கு உண்மையான மழை ஐப்பசி கார்த்திகையில்.

இந்த ஈரத்தில் கிட்டார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மேல்பலகை உப்பி ஸ்ட்ரிங் உயரும், விரல் நோகும், ஸ்ருதி ஓடும். அலமாரியில் வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும். உறையோடு பெட்டியில் வைத்து சிலிக்கா ஜெல் போடுங்கள். ஸ்ட்ரிங்கை வாசித்ததும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோரைப்புல் மாதிரி அறுக்கும். டிசம்பர் கேரல் ரவுண்டில் வேறு கூத்து. எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஜீப்பில் போகும்போது குளிரில் கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறும், ஒரு வீட்டுக்குள் நுழைந்து அடுப்புப் பக்கத்தில் நின்று இரண்டாவது பாட்டு பாடுவதற்குள் இறங்கும். புல்லாங்குழல்காரர் இருந்தால் அவருக்கு நேர் எதிர், குளிரில் இறங்கி சூட்டில் ஏறும். ஆளுக்கொரு பக்கம் போவார்கள், நடுவில் பாடுகிறவர் பாவம். ஞாயிறு ஆராதனைக்கு அரை மணி முன்னால் கிட்டாரைப் பெட்டியைத் திறந்து கோயிலுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கரண்ட். பழைய வயரிங்கில் எர்த் சரியாக இருக்காது, ஆம்ப் உறுமும். உறுமலை நிறுத்த மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிடுவது என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில், அப்போது சுரீர் என்று இழுக்கும். ஆளே போய்விடலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆம்புக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து லைன் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பெடலையும்விட அது முக்கியம்.

ஜூன் 16
இந்த இழையில் நான் எழுத நினைத்ததே இதைப் பற்றித்தான், லூத்தரும் மழையும் இடையில் புகுந்துவிட்டார்கள்.

எல்லோரும் ராக் என்றால் ஆங்கில ஒர்ஷிப் பாட்டைத் தமிழில் மாற்றிப் பாடுவது என்று நினைக்கிறார்கள். நாலு கார்டு, அதே ஏற்றம், வார்த்தை மெட்டுக்குள் உட்காராமல் வெளியே தொங்கும். எனக்கு அதில் ருசியில்லை. என் அனுபவத்தில் ராக்கோடு தானாகவே ஒட்டுவது கீர்த்தனைதான்.

காரணம் நேற்று முன்தினம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தது. தம்புராவில் என்ன மீட்டுகிறார்கள்? பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், கீழ் ஷட்ஜம். பவர் கார்டில் என்ன இருக்கிறது? ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம். அதேதான், கொஞ்சம் கோபமாக! மேற்கத்திய கார்டில் மூன்றாவது ஸ்வரம் இருப்பதால் அது காந்தாரத்தை (க) முன்கூட்டியே முடிவு பண்ணிவிடும், பாடுகிறவர் ராகத்தின் காந்தாரத்தை அசைத்தால் இரண்டும் மோதும். கீர்த்தனைக்குக் கீபோர்டுகாரர் கார்டு போடும்போது ஏதோ ஒன்று பிசகுகிறதே என்று தோன்றுவது அதனால்தான். பவர் கார்டு காந்தாரத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. பாடுகிறவருக்கு இடம் கிடைக்கிறது.

பழைய ராக் ரிஃப்களில், அதாவது திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு வரிகளில், பாதி ஒரே ஸ்வரத்தின் மேல் நின்றுகொண்டு சுற்றுபவை. கீர்த்தனையும் ஒரே ஷட்ஜத்தின் மேல் நிற்பது. ஞானப்பாட்டோ அடிக்கு ஒரு கார்டு மாறும், அதை ராக்காக வாசித்தால் மூச்சு வாங்கும். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர், சரபோஜி மன்னர் காலத்தில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கிறிஸ்துவைப் பாட வழி போட்டவர்களில் ஒருவர். அவருக்கு மார்ஷல் ஆம்பைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வரும் அந்த அமைப்பில் ஒரு ரிஃப் உட்காருவதற்குத் தயாராக இடம் இருக்கிறது.

எச்சரிக்கை: பஞ்சமம் இல்லாத ராகத்தில் இது வேலை செய்யாது. இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது, பவர் கார்டு போட்டால் பாடுகிறவர் திரும்பி முறைப்பார். அங்கே தம்புராவையே மத்தியமத்துக்கு மாற்றுவார்கள், நீங்களும் ஷட்ஜமும் மத்தியமமும் சேர்த்து வாசியுங்கள்.

ஜூன் 17
ஸ்ருதி எது என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டார் பையன்களுக்கு ஈ (E), ஏ (A) ஸ்ருதிகள் வசதி. ஆர்கன் வாசிப்பவர் வைத்திருக்கும் புத்தகத்தில் ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட். ரெண்டு பேருக்கும் சண்டை. கிட்டார், பாஸ் இரண்டையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டிவிடுங்கள். ஈ பிடித்தால் ஈ ஃப்ளாட் கேட்கும், ஏ பிடித்தால் ஏ ஃப்ளாட். சண்டை தீர்ந்தது, கம்பியும் இளகி விரலுக்குச் சுகம்.

யூடியூபில் கேட்ட ஸ்ருதியிலேயே பாடாதீர்கள். அது ஒருவர் உச்சத்தில் பாடுவதற்கு வைத்தது. காலை எட்டு மணி, வெளியே பனி, டீகூட இறங்காத தொண்டை. சபையார் மேலே டி (D) ஸ்வரம் வரைக்கும் வருவார்கள், அதற்கு மேலே போனால் ஆண்கள் வாயசைப்பார்கள், பெண்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

ஜூன் 20
கொடைக்கானலிலிருந்து ஒரு அக்கா எழுதியிருப்பது எல்லோரும் படிக்க வேண்டியது. "எலக்ட்ரிக் கிட்டார் வேண்டுமா வேண்டாமா என்று கமிட்டி போட்டுப் பேசுகிறீர்கள். பறையைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?"

உண்மைதான். கிட்டார் விஷயம் சண்டை என்றாலும் அது வீட்டுக்குள் நடக்கும் சண்டை. வெள்ளைக்காரன் கருவி என்பதால் அதற்கு முன்வாசல். பறையோ இதே மக்களின் கருவி, சபையில் பாதிப் பேரின் தாத்தா அடித்தது, அதைச் "சாவுமேளம்" என்று சொல்லி வெளியே நிறுத்தினோம். காரணம் சத்தமும் இல்லை, வேதமும் இல்லை, சாதி. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்றால் பலருக்குத் தெரியும், இதைத்தான் வாழ்நாள் பூராவும் கேட்டார். கர்நாடக இசையில் கீர்த்தனை பாடினால் அது தமிழ் ஆராதனை ஆகிவிடுமா, கிராமத்து ஜனங்களின் மெட்டு எங்கே என்று கேட்டு, நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டு முறை எழுதினார். 2005-ல் காலமானார்.

இதைப் படித்ததிலிருந்து 16-ஆம் தேதி எழுதியதை மறுபடி பார்க்கிறேன். கீர்த்தனையோடு ராக் ஒட்டுகிறது என்று குஷியாக எழுதினேன், அந்த ஸ்ருதிக் கணக்கு சரிதான். ஆனால் எங்கள் பக்கம் எஸ்டேட்களில் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் நிறைய. அங்கே அவர்கள் தோட்டத்தில் தப்பு, பறைதான் அது, அடித்துத்தான் காலையில் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்கள் பேண்டில் ட்ரம்ஸ். அவன் ட்ரம் செட்டின் டாம் மீது உருட்டும் ஒரு அடி எந்த ராக் பாட்டிலும் இல்லாதது. எங்கே கற்றாய் என்று கேட்டால் சிரிப்பான். ஆக சபைக்குள் அது ஏற்கெனவே வந்துவிட்டது, ஐந்து துண்டு ட்ரம் செட் என்ற வேஷத்தில். வேஷமில்லாமல் வருமா என்பதுதான் அக்காவின் கேள்வி. எங்கள் சபையில் இதுவரை வரவில்லை.

ஜூன் 21
"அப்படியென்றால் ராக்கை விட்டுவிட்டுப் பறைக்குப் போகலாமா" என்று கேட்பவருக்கு: ஒன்றை விட்டு ஒன்று என்று ஏன்? முதலில் கேட்டுப் பாருங்கள், கமிட்டி எதற்கு அதிகமாகக் குதிக்கிறது என்று. அதில் நிறையத் தெரிந்துவிடும்.

ஜூன் 22
ஸ்ட்ரைப்பர் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ மெட்டல் குழு மாதிரி மஞ்சள் கறுப்பு உடை போடலாமா என்ற கேள்விக்கு: போடலாம், பூச்சி மருந்து அடிக்க வந்தவர்கள் என்று நினைப்பார்கள். அவர்கள் கூட்டத்துக்குள் பைபிளை வீசுவார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். நம் ஊரில் பைபிளைத் தரையில் வைத்தாலே அடி விழும்.

ஜூன் 26
எது பக்தி, எது கச்சேரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு, முதல் கேள்வி கேட்ட தம்பியே திரும்ப வந்திருக்கிறார்.

என்னிடம் ஒரே ஒரு சோதனை இருக்கிறது. யூ2 குழு 1983-ல் நாற்பதாம் சங்கீதத்தை வைத்து ஒரு பாட்டு போட்டது. கச்சேரி முடிவில் அதை வாசித்து, ஒவ்வொருவராகக் கருவியை வைத்துவிட்டு மேடையை விட்டுப் போவார்கள், ஜனங்கள் மட்டும் பாடிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அது. நீங்கள் கடைசிச் சரணத்தில் ட்ரம்மையும் கிட்டாரையும் நிறுத்துங்கள். சபை பாடிக்கொண்டே போனால் நீங்கள் வாசித்தது ஆராதனை. பாட்டும் சேர்ந்து நின்றுபோனால், அதுவரை நீங்கள் வாசித்தீர்கள், அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான். இதில் ராக், கீர்த்தனை, ஆர்கன் என்ற பேதமே கிடையாது. மெல்லிய கீபோர்டு ஒலியோடு ஊரே தூங்கும் ஆராதனைகள் எனக்குத் தெரியும், அங்கே யாரும் சாத்தானைத் தேடுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். சோலோ. நீளமான சோலோ வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறோமே, அப்போது மனசில் யார் இருக்கிறார்கள் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். எனக்குப் பல ஞாயிறுகளில் நானேதான் இருந்திருக்கிறேன். அதற்காகச் சோலோவை நிறுத்தவில்லை, காணிக்கை எடுக்கும் நேரத்துக்கு மாற்றிவிட்டேன், பை சுற்றி முடிந்ததும் முடிந்தாக வேண்டும்.

ஜூன் 30
தம்பி, ராட்ஸ் வாங்கியது நல்லது. கன்வென்ஷனுக்கு ராத்திரி வாசிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள், பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் வருட ஒலி மாசு விதி. பிரசங்கம் நீண்டால் உங்கள் நேரத்தில்தான் கைவைப்பார்கள், ஆகவே இரண்டு பாட்டு குறைத்தே தயார் செய்யுங்கள். கீர்த்தனை ஒன்றாவது வையுங்கள். மைதானத்தில் கூரை இல்லை, எதிரொலி தொல்லை கிடையாது, அங்கே கெய்னைக் கொஞ்சம் ஏற்றலாம். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று சவுண்டு செட்காரரிடம் சாயங்காலமே கேட்டுவிடுங்கள். பாஸ் வாசிக்க ஆள் இல்லை என்றீர்களே, ஜூலை இரண்டாம் ஞாயிறுக்கு மேல் என்றால் எனக்கு வர முடியும்.